ஐஸ் வண்டிக்காரரிடம் கேளுங்கள்: மகன் என்.எச்.எல். போவானா?

(ரொறன்ரோ, ஸ்காபரோவில் நகரசபை அரங்கு ஒன்றில், ஆடுகளத்து ஐஸை மினுக்கும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் ஐஸ் ஹொக்கிக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை லீக்; ஓ.எச்.எல். என்பது ஒன்ராறியோவின் பெரிய ஜூனியர் லீக்.)

அண்ணை, என் மகன் 2009 ஒக்டோபரில் பிறந்தவன். டிஃபென்ஸ் ஆடுகிறான், உயரம் 5 அடி 9 அங்குலம். ரொறன்ரோச் சிறுவர் லீக்கான ஜி.ரி.எச்.எல்.லில் ஆக மேல் தரமான ட்ரிபிள் ஏ விளையாடினான். 2025 ஓ.எச்.எல். தெரிவில் கடைசிச் சுற்றுகளில் ஒரு அணி எடுத்தது. முகாமுக்குப் போனான். 'நல்லாச் செய்தாய், இன்னும் ஒரு வருஷம் வளர்ந்து வா' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அதற்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ அணியில் ஆடுகிறான். வருகிற செப்டம்பரில் ஓ.எச்.எல். அணி இடம் தரும் போலத் தெரிகிறது, ஆனால் ஏழாவது டிஃபென்ஸாக. மனைவிக்குப் பல்கலைக்கழகம்தான் முக்கியம். ஆலோசகர் ஒருவர் 'இவன் என்.எச்.எல். போகக்கூடிய பெடியன்' என்கிறார். மறைக்காமல் சொல்லுங்கோ, வாய்ப்பு எவ்வளவு?
– ஒரு தகப்பன், ஏஜாக்ஸ்

தம்பி, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். என்.எச்.எல்.லில் 32 அணிகள். ஒரு அணி தன் பட்டியலில் 23 பேரை வைத்திருக்கலாம். ஆக, முழு உலகத்துக்கும் 736 கதிரை. அதற்குச் சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக், அமெரிக்கா, கனடா என்று எல்லா இடத்துப் பெடியன்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஏற்கனவே இருக்கிறவர்களில் பலர் பத்து வருஷத்துக்கு எழும்பவும் மாட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும், அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரரைத் தெரிவு செய்கிற ஏழு சுற்று டிராஃப்டில் 224 பேரை எடுக்கிறார்கள். முதல் சுற்றில் போகிறவர்களில் பெரும்பாலானோர் எப்படியும் கொஞ்சமாவது ஆடிவிடுவார்கள். ஆறாம், ஏழாம் சுற்றில் போகிறவர்களில் நிலைக்கிறவர்கள் சிலர்தான். உங்கள் மகன் இன்னும் அந்த டிராஃப்டுக்கே வரவில்லை. ஓ.எச்.எல். தெரிவில் கடைசியாக எடுபட்டவர்களில் பலர் அந்த லீக்கிலேயே ஒரு முழுப் பருவம் ஆடுவதில்லை. ஆகவே வாய்ப்பு சிறியது, மிகச் சிறியது. ஆலோசகர் சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே வசனத்தை இந்த வருஷம் எத்தனை வீட்டுக் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, அது முடிந்தது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: ஒக்டோபர்.

பிள்ளைகள் ஆடுகிற மைனர் ஹொக்கியில் வயதுக் கோடு ஜனவரி 1. 2009 ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் மகனும் ஒரே வகுப்பு. ஏழு வயதில் ஒன்பது மாத வித்தியாசம் என்றால் சும்மாவா? பெரியவன் நல்ல அணிக்குத் தெரிவாவான், கூடுதல் பயிற்சி கிடைக்கும், அடுத்த வருஷம் இன்னும் நல்லவனாகத் தெரிவான். 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர், கனடா ஜூனியர் அணிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருப்பதைக் கணக்குப் பார்த்துக் காட்டிவிட்டார். ஒக்டோபர்ப் பிள்ளை ஒன்று ட்ரிபிள் ஏ வரைக்கும் வந்து, ஓ.எச்.எல். தெரிவிலும் எடுபட்டிருக்கிறது என்றால், முழுக்கத் தன்னைவிட முதிர்ந்த பெடியன்களோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனிக் கோடு மாறுகிறது. என்.எச்.எல். டிராஃப்டுக்கு செப்டம்பர் 15க்குள் 18 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகனோடு ஜூனியரில் இருக்கிற ஜனவரிக்காரன் 2027இல் டிராஃப்டுக்குப் போவான். உங்கள் மகனின் முறை 2028. இங்கே ரொறன்ரோவில் எல்லாருக்கும் தெரிந்த ஓஸ்ரன் மத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளால் 2015 டிராஃப்டைத் தவறவிட்டார். அந்த வருஷம் சுவிட்சர்லாந்துக்குப் போய், சூரிக் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடிவிட்டு வந்து, 2016இல் முதலாவதாக எடுபட்டார். நான் உங்கள் மகனை மத்யூஸ் என்று சொல்லவில்லை. கையில் ஒரு பருவம் கூடுதலாக இருக்கிறது என்கிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2028இல் அவன் அந்த வகுப்பில் வயது கூடியவர்களில் ஒருவனாக இருப்பான், அதனால் அணிகளுக்கு ஆள் தேடுகிற ஸ்கவுட்டுகள் அவனிடம் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள்.

அந்தக் கூடுதல் பருவத்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிற உண்மையான கேள்வி. என் பதில் ஒரே சொல்: நிமிடம்.

ஓர் ஆட்டம் 60 நிமிடம். ஆறு டிஃபென்ஸ் உடுப்புப் போடுவார்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேர் ஐஸில். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20 நிமிடம். எந்தக் கோச்சும் சமமாகப் பிரிப்பதில்லை. முதல் சோடி 25 நிமிடம் ஆடும், மூன்றாவது சோடிக்கு 12 கிடைத்தாலே பெரிது. ஏழாவது டிஃபென்ஸ் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு மேலே கலரியில் இருந்து பொப்கோர்ன் சாப்பிடுவான். ஓ.எச்.எல்.லில் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டம். வியாழன் பின்னேரம் பஸ், ஞாயிறு இரவு திரும்பி வருகை, வேறொருவர் வீட்டில் தங்கல், புதுப் பள்ளிக்கூடம். அவ்வளவையும் பட்டு, ஐந்து ஆட்டத்துக்கு ஒருதரம் எட்டு நிமிடம் ஆடினால் 16 வயதுப் பெடியன் வளரமாட்டான். பிழை விட்டுப் பழகத்தான் அந்த வயது. பிழை விட்டால் அடுத்த ஷிஃப்டுக்கு ஐஸில் இறக்கமாட்டார்கள் என்ற பயத்தோடு ஆடுகிறவன் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுவதை மட்டும்தான் பழகுவான். ஜூனியர் ஏயில் அவன் எதிரணியில் ஆள் குறைந்த பவர் பிளேயும் ஆடி, தன் அணியில் ஓர் ஆள் குறைந்த நேரமும் ஆடி, கடைசி நிமிடத்திலும் ஐஸில் நிற்கிறான் என்றால் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருக்கட்டும். ஓ.எச்.எல். அணிக்காரரிடம் நேரே கேளுங்கள்: 'கிறிஸ்மஸுக்கு முதல் இவன் எத்தனை ஆட்டம் உடுப்புப் போடுவான்?' பதிலை இழுத்தால் விளங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் கவலைக்கும் இப்போது பதில் இருக்கிறது. முன்பு ஓ.எச்.எல்.லில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியின் வாசல் பூட்டுத்தான். அந்த லீக்கில் ஆடுகிறவர்களைத் தொழில்முறைக்காரர் என்று, கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. கணக்கில் வைத்திருந்தது. எத்தனையோ குடும்பம் 16 வயதில் இந்த ஒரு முடிவால் இரண்டாகி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றி, 2025 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இளம் நட்சத்திரம் கவின் மக்கென்னா, ஓ.எச்.எல்.லின் சகோதர லீக்கில் இருக்கிற மெடிசின் ஹற் அணியை விட்டுவிட்டு பென் ஸ்டேற் பல்கலைக்கழகத்துக்குப் போனது இதனால்தான். ஆகவே இன்றைக்கு ஜூனியர் ஏ, நாளைக்கு ஓ.எச்.எல்., அதற்குப் பிறகு கல்லூரி என்று மூன்றும் ஒரே ரோட்டில் வரலாம். ஓ.எச்.எல்.லில் ஆடுகிற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருஷப் படிப்புச் செலவு என்ற உதவித்தொகையும் உண்டு. நிபந்தனைகளும் உண்டு. கையெழுத்து வைக்க முதல் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள், விளங்காவிட்டால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

ஆனால் விதி மாறியதில் நட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஜூனியர் ஏயிலிருந்து கல்லூரிக்குப் போக இருந்த பெடியனின் இடத்துக்கு இப்போது ஓ.எச்.எல்.லில் மூன்று நான்கு வருஷம் ஆடிய 20 வயதுக்காரன் வந்து நிற்கிறான். அதனால் பள்ளிக்கூடப் புள்ளிகள் இப்போது முன்னையைவிட முக்கியம். இரண்டு பெடியன்கள் ஒரே அளவு ஆடினால், வகுப்பில் தடுமாறாதவனைத்தான் கோச் எடுப்பார்.

மகன் வளர்கிறானா என்று எப்படிப் பார்ப்பது? கோல் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஸ்கவுட்டுகள் பெற்றோரோடு இருக்கமாட்டார்கள். கோப்பியும் கையுமாக ஒரு மூலைக் கண்ணாடிக்குப் பின்னால் தனியே நிற்பார்கள். என் வண்டி நிற்கிற கதவும் அந்தப் பக்கம்தான், அதனால் அவர்கள் தங்களுக்குள் கதைக்கிறது என் காதில் விழும். டிஃபென்ஸைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது தோளைப் பற்றி. எதிரணி பக்கை உங்கள் மூலைக்குள் எறிந்துவிட்டது. உங்கள் மகன் அதை எடுக்கத் திரும்பி ஓடுகிறான், முதுகுக்குப் பின்னால் ஒருவன் துரத்தி வருகிறான். பக்கைத் தொட முதல் எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான்? ஒருதரமும் பார்க்காதவன் கண்ணாடியோடு மோதுப்படுவான். ஒருதரம் பார்த்தவன் தப்புவான். இரண்டு தரம் பார்த்தவனுக்குப் பக் கையில் வரும்போதே அடுத்த பாஸ் எங்கே என்று தெரிந்திருக்கும், கால் ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். 5 அடி 9 அங்குல டிஃபென்ஸ் பிழைக்கிற வழி இதுதான். உயரமானவனுக்குக் கை நீளம், பிந்தினாலும் எட்டிப் பிடிப்பான். இவனுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்று, இது வண்டிக்காரன் பார்வை. நாங்கள் சுடுதண்ணி விட்டு மினுக்கிய புது ஐஸில் யாரும் அழகாக ஆடுவார்கள். ஆட்டத்தின் ஒரு பகுதியான பீரியட்டின் கடைசி ஐந்து நிமிடம் பாருங்கள். ஐஸ் கீறி, பனித்தூள் குவிந்து, பக் துள்ளும். அப்போதும் இவனுடைய பாஸ் நிலத்தோடு போய் மற்றவனின் ஸ்ரிக்கில் விழுகிறதா? அப்படியென்றால் அவனுக்குக் கை இருக்கிறது.

இனி உங்களுக்குப் பிடிக்கிற கதை. எங்கள் ஸ்காபரோவில் வளர்ந்த ஜோயல் வார்ட், பார்படோஸிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. ஓவன் சவுண்டில் நாலு வருஷம் ஓ.எச்.எல். ஆடினார், ஒருவரும் டிராஃப்ட் பண்ணவில்லை. பிறகு பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நாலு வருஷம் படித்துக்கொண்டே ஆடினார். அதற்குப் பிறகு ஹியூஸ்டனில், என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். கிட்டத்தட்ட 28 வயதில்தான் நாஷ்வில் அணியில் நிரந்தர இடம். 2012இல் வாஷிங்டன் அணிக்காக, அதற்கு முந்தைய வருஷம் கிண்ணம் வென்ற பொஸ்ரனைத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் கோல் அடித்து வீட்டுக்கு அனுப்பினார். 700க்கு மேல் என்.எச்.எல். ஆட்டம்.

ரொறன்ரோக்காரர் மார்க் ஜியோர்டானோவும் ஓவன் சவுண்டில் ஆடியவர், டிஃபென்ஸ், அவரையும் டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. இடையில் ஒரு பருவம் மொஸ்கோவுக்கே போய் ஆடிவிட்டு வந்தார். 2019இல் 35 வயதில் லீக்கின் சிறந்த டிஃபென்ஸுக்கான நோரிஸ் விருது. ஸ்காபரோவின் வெயின் சிமண்ட்ஸும் அதே அணிதான். ஏறத்தாழ 20,000 பேர் இருக்கிற ஜோர்ஜியன் குடாக் கரை ஊர் ஓவன் சவுண்ட். பெரிய நகரத்துப் பெயர்பெற்ற அணிகளின் பின்னால் ஓடுகிற பெற்றோருக்கு நான் இதைத்தான் சொல்வது: சின்ன ஊர் அணி பிள்ளைகளை ஆட விடும்.

மேற்கே, சரேயில் வளர்ந்த பஞ்சாபிப் பெடியன் அர்ஷ்தீப் பெயின்ஸும் டிராஃப்டில் எடுபடாதவர். ரெட் டியர் அணியில் தன் கடைசி ஜூனியர் பருவத்தில், 2021-22இல், 112 புள்ளி (கோலும் கோலுக்கான பாஸும் சேர்த்த கணக்கு) எடுத்து, ஓ.எச்.எல். போன்ற மேற்கு ஜூனியர் லீக்கிலேயே முதலாவதாக வந்தார். வன்கூவர் அந்தப் பருவத்திலேயே கையெழுத்து வாங்கியது. 2024 பெப்ரவரியில் என்.எச்.எல்.லில் இறங்கினார். இவர்களில் ஒருவரையும் 16 வயதில் பார்த்து யாரும் 'இவன்தான்' என்று சொல்லவில்லை. ஆனால் இவர்கள் மாதிரிப் போய், வராமல் விட்டவர்கள் இவர்களைவிட எத்தனையோ மடங்கு. அவர்களுடைய கதையை ஒருவரும் எழுதுவதில்லை.

ஆலோசகர் மாதாமாதம் காசு கேட்டால் நிறுத்திவிடுங்கள். ஸ்ரிக் ஒன்றுக்கே முந்நூறு, நானூறு டொலர் போகிற விளையாட்டு இது. மிச்சக் காசைக் கோடையில் ஒரு நல்ல ஸ்கேற்றிங் கோச்சுக்குக் கொடுங்கள். முதல் மூன்று அடி எடுத்து வைக்கிற வேகம்தான் இவனுக்குத் தேவை.

ஐயா, சென்னையில் இருந்து எழுதுகிறேன். ஒரு ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணிக்கே போகாமல், எடுத்த அணிக்குத்தான் போக வேண்டும் என்பது அநியாயமாக இல்லையா?
– ஒரு கல்லூரி மாணவர், சென்னை

அநியாயம்தான். ஆனால் அப்படி விட்டால் நல்ல பெடியன்கள் எல்லோரும் நாலு பணக்கார அணிக்குப் போய்விடுவார்கள். அதனால் தோற்ற அணிகளுக்கு முதல் உரிமை. வேண்டுமென்றே தோற்காமல் இருக்கக் கடைசி அணிகளுக்குள் குலுக்கல். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ரிச்மண்ட் ஹில்லில் பிறந்த கொனர் மக்டேவிட்டை 2015இல் குலுக்கலில் வென்ற எட்மன்டன் கொண்டு போனது. ரொறன்ரோக்காரர்களுக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, எனக்கும்தான். இதில் ஒரு வேடிக்கை, டிராஃப்டில் எடுபடாமல் வயது கடந்தவன் யாரோடும் கையெழுத்து வைக்கலாம். மேலே சொன்ன பெயின்ஸ் தன் ஊருக்குப் பக்கத்து வன்கூவருக்கே போனது அப்படித்தான்.

அண்ணா, எனக்கு மகள், 13 வயது. இதுவரை பெடியன்களின் அணியில் ஆடினாள், கெட்டிக்காரி. பெண்கள் அணிக்கு மாற்றினால் தரம் குறைந்துவிடும் என்று அவளுடைய கோச் சொல்கிறார். பெண்களுக்கும் இப்போது பெரிய லீக் இருக்கிறதாமே?
– ஒரு தாய், பிரம்ரன்

இருக்கிறது, தங்கச்சி. பெண்கள் தொழில்முறை லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். 2024 ஜனவரியில் ஆறு அணிகளோடு தொடங்கியது, ரொறன்ரோவும் அதில் ஒன்று. 2025-26இல் வன்கூவரும் சியாட்டிலும் சேர்ந்து எட்டு. அணிக்கு 23 பேர் என்றால் அந்தப் பருவத்தில் 184 இடம், ஆண்களைவிட மிகக் குறைவு. சம்பளத்தையும் தெரிந்து வைத்திருங்கள்: முதல் பருவத்தில் ஆகக் குறைந்தது 35,000 அமெரிக்க டொலர். ஆண்கள் லீக்கில் 2025-26இல் ஆகக் குறைந்ததே 775,000.

ஆனால் பெண்கள் போகிற வழி எனக்கு ஆண்களுடையதைவிடப் பிடிக்கும். அந்த லீக்கில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பல்கலைக்கழகம் வழியாக வந்தவர்கள். ஹமில்ரன் பிள்ளை சாரா நேர்ஸ் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆடினார், பிறகு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 18 புள்ளி எடுத்துச் சாதனை வைத்தார். மகள் பெரிய லீக்குக்குப் போகாவிட்டாலும், கையில் ஒரு பட்டமும், அதற்கு ஏதாவது உதவித்தொகையும் மிஞ்ச இடமுண்டு.

மாற்றுவது பற்றி: பெடியன்கள் உடம்பு வைத்து, மோதி ஆடத் தொடங்குகிற வயது இது. அவள் இப்போதும் பக்கை வைத்து ஆடுகிறாளா, அல்லது அடி வாங்காமல் விட்டுக் கொடுக்கப் பழகிவிட்டாளா என்று இரண்டு ஆட்டம் கவனமாகப் பாருங்கள். விட்டுக் கொடுக்கிறாள் என்றால் இந்த வருஷமே மாற்றுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகள் பெண்கள் போட்டிகளுக்குத்தான் வந்து நிற்பார்கள், அவளை அவர்கள் அங்கேதான் காண்பார்கள். தரம் குறையும் என்று சொன்ன கோச்சுக்குத் தன் அணியின் நல்ல ஆட்டக்காரியை இழக்க மனமில்லாமலும் இருக்கலாம்.

தம்பி, என்ரை பேரன் கோல் காக்கிற கோலி. 18 வயது. இந்தமுறை டிராஃப்டில் ஒருத்தரும் எடுக்கேல்லை. சாப்பாடும் இறங்குதில்லை. எல்லாம் முடிஞ்சுதோ?
– ஒரு அம்மம்மா, ஸ்காபரோ

இல்லை அம்மா. எடுபடாதவன் இன்னும் இரண்டு வருஷம் டிராஃப்டில் நிற்கலாம். அதோடு கோலிகளுக்கு எல்லாமே பிந்தித்தான். உடம்பு வளர்ந்து முடிந்த பிறகுதான் அந்த வேலையே பிடிபடும். ரிச்மண்ட் ஹில் பெடியன் ஜோர்டன் பினிங்டனை 2011இல் செயின்ட் லூயிஸ் 88வதாக எடுத்துவிட்டு, வருஷக்கணக்காகக் கீழ் லீக்குகளில் அலைய விட்டது. 2019 ஜனவரியில் 25 வயதில் வாய்ப்பு வந்தது, அதே ஜூனில் கையில் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம். (அவரும் ஓவன் சவுண்டுதான். நான் அந்த ஊரிடம் காசு வாங்கவில்லை.) பேரனுக்கு இந்த வாரம் உங்கள் கையால் ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுங்கள். அவனோடு டிராஃப்டைப் பற்றி மட்டும் கதைக்காதீர்கள்.

என் மகனுக்கு 8 வயது. கோடையிலும் விடாமல் ஹொக்கிப் பயிற்சிக்கு அனுப்பினால் முன்னுக்கு வருவானா?
– ஒரு தகப்பன், மார்க்கம்

வேண்டாம். கோடையில் உதைபந்தோ கிரிக்கெற்றோ நீச்சலோ, அவன் கேட்கிறதற்கு விடுங்கள். ஸ்கேற்றை மட்டும் ஜூலையில் ஒருதரம் போட்டுப் பாருங்கள், கால் வளர்ந்திருக்கும். புதிது வாங்குவதென்றால் பருவம் தொடங்க முதல் வாங்குங்கள். செப்டம்பர் முதல் கிழமையில் கடையில் அவனுடைய அளவு கிடைப்பது கஷ்டம்.